ஹெரால்டு ஏறிய மலைகள்

மால்வெர்ன் மலைகளின் உச்சி 425 மீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயில் பல்சக்கரத்தைப் பற்றி ஏறத் தொடங்குகிற கல்லாறே கிட்டத்தட்ட அந்த உயரத்தில்தான் இருக்கிறது. எங்கள் தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர். குன்னூரில் பிறந்தவர்கள் இங்கிலாந்தின் அந்தப் பச்சை மேடுகளை மலை என்று லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஒரு கோடைக் காலையில் அவற்றின் அடிவாரத்தில், த்ரீ கவுண்டீஸ் மைதானத்தின் புல்வெளியில் நின்றபோது, இவ்வளவு தூரம் வந்தது சரிதான் என்று தோன்றியது. எம்.ஜி., ட்ரையம்ஃப் கார்களை வைத்திருப்பவர்கள் கூடும் கோடைச் சந்திப்பு அது. வரிசை வரிசையாகப் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். பக்கத்தில் மடக்கு நாற்காலிகள், ஃபிளாஸ்கில் டீ, மடியில் நாய்க்குட்டி, திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டுப் பேசிக்கொண்டிருக்கும் கிழவர்கள். போட்டி எதுவும் கிடையாது. ஒருவர் காரை இன்னொருவர் போய்ப் பார்க்கிறார், விசாரிக்கிறார், கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறார். கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வது இப்படித்தான் இருக்கும்.

என்னை அங்கே அழைத்தது அக்கா. கூடப் பிறந்தவள் அல்ல, எங்கள் எஸ்டேட் டாக்டரின் மகள். சென்னையில் மருத்துவம் படித்து, இங்கிலாந்து போய், அங்குள்ள அரசு மருத்துவமனைகளிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்கு முன்பே தனக்கென்று ஒரு கார் வாங்கிவிட்டாள். 1972இல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் ஃபோர். ஒவ்வொரு முறை போனில் பேசும்போதும், "நீ ஒரு தடவை வந்து இதைப் பாரு தம்பி. பானெட்டைத் தூக்கினா உனக்கே தெரியும்" என்பாள்.

பானெட்டைத் தூக்கிய நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது.

குன்னூரில், பெட்ஃபோர்டு பக்கத்தில் என் பெரியப்பா ஒரு ஷெட் வைத்திருந்தார். தகரக் கூரை, மண் தரை, மழைக்காலத்தில் ஒரு பக்கம் ஒழுகும். அம்பாசடரும் பியட்டும் எஸ்டேட் ஜீப்புகளும் வரும். பெரியப்பாவுக்கு எல்லா வண்டியும் வண்டிதான். ஆனால் டாக்டரையாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வரும் நாளில் மட்டும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வருவார். அதற்குக் காரணம் அந்த பானெட். மற்ற கார்களில் இன்ஜினுக்கு மேலே ஒரு மூடிதான் திறக்கும். ஆட்கள் மட்கார்டுமேல் கவிழ்ந்து கிடந்துதான் வேலை செய்ய வேண்டும். ஹெரால்டில் இரண்டு பக்க மட்கார்டு, விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக, முதலை வாய் திறப்பதுபோல் முன்பக்கமாக மேலெழும். இன்ஜின், ஸ்டீயரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் வெளிச்சத்தில் நிற்கும். பெரியப்பா முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டு, காலை நீட்டி, சாவதானமாக டேப்பட் செட் பண்ணுவார். "இதை வரைஞ்சவன் மெக்கானிக்கைப் பத்தி யோசிச்சிருக்கான்டா" என்பார்.

அதை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி, இத்தாலியின் தூரின் நகரத்துக்காரர். ஹெரால்டு 1959இல் வெளியானது. அதன் உடல் இப்படித் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைக்கும் விதத்தில் அமைந்ததற்கு ஒரு வியாபார நெருக்கடியும் காரணம். காவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் நிறுவனத்துக்கு உடல் தகடு அடித்துத் தந்துகொண்டிருந்த கம்பெனியைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே இடத்தில் செய்து தர ஆள் இல்லை. ஆகவே தனியாக ஒரு சேஸிஸ், அதன்மேல் வெவ்வேறு பட்டறைகளில் செய்த துண்டுகளைப் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். மற்ற கார்கள் ஒற்றைக்கூடு உடலுக்கு மாறிக்கொண்டிருந்த காலத்தில் அது பழைய முறை. ஆனால் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றி, தூரத்து ஊரில் இறக்கிப் பூட்டுவதற்கு அதைவிடத் தோதான கார் இல்லை. அந்தத் தூரத்து ஊர்களில் ஒன்று நம்முடைய பெருங்களத்தூர்.

சென்னைக்குத் தெற்கே, வண்டலூருக்கு முந்தைய அந்த ஊரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற தொழிற்சாலை இருந்தது. முதலில் வான்கார்ட், பிறகு ஸ்டாண்டர்டு எய்ட், டென் என்று செய்து, 1961இல் ஹெரால்டுக்கு வந்தார்கள். ட்ரையம்ஃப் என்ற பெயர் இங்கே ஒட்டவில்லை. நமக்கு அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்நியச் செலாவணி பஞ்சமான காலம். கப்பலில் வந்த பாகங்கள் குறையக் குறைய, இங்கே செய்த பாகங்கள் கூடிக்கொண்டே போயின. இன்ஜின் மட்டும் கடைசிவரை அந்த 948 சி.சி.தான்.

அந்தச் சின்ன இன்ஜினை வைத்துக்கொண்டு நீலகிரியில் ஓட்டுவது தனி வித்தை. ஊட்டியின் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் கார்புரேட்டரில் பெட்ரோல் மிகுந்துபோகும், ப்ளக் கருத்துப்போகும், இழுவை போய்விடும். கோயம்புத்தூரில் செட் பண்ணிய வண்டி குன்னூருக்கு வந்ததும் இருமும். பெரியப்பா சோலெக்ஸ் கார்புரேட்டருக்குச் சின்ன ஜெட் ஒன்றை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பார். கீழே போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனால் மாற்றிக் கொடுப்பார். வெயில் காலத்தில் பர்லியார் தாண்டி ஏறும்போது பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். அப்போது ஃப்யூவல் பம்ப்மேல் ஈரத்துணி சுற்றி, டீக்கடையில் ஒரு டீ குடிக்கும் நேரம் காத்திருக்க வேண்டும். காட்டேரியில் நின்ற வண்டிகளின் ஈரத்துணிகளை எல்லாம் என் சிறுவயதுக் கண்கள் பார்த்திருக்கின்றன.

ஹெரால்டுக்கு ஒரு பெரிய பலமும் உண்டு. 25 அடி வட்டத்துக்குள் அது திரும்பிவிடும். முன்சக்கரம் அப்படி மடியும். மேட்டுப்பாளையம் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளிலும், ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளிலும், லாரிகள் ரிவர்ஸ் எடுத்துத் திணறுகிற இடத்தில் ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பும். பலவீனம் பின்னால் இருந்தது. ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய், பயந்து திடீரென ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டியைத் தூக்கிவிடும். "பிரேக்கு வளைவுக்கு முன்னால. வளைவுக்குள்ள போனா கால் அசையக் கூடாது" என்று டாக்டரையாவுக்கே பெரியப்பா சொல்லிக் கொடுத்தார். டாக்டரையா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அவர் பெரியப்பாவை "மேஸ்திரி, சொல்லுங்க" என்றுதான் கூப்பிடுவார். அதை நான் மறக்கவில்லை.

மால்வெர்னுக்கு அக்கா என்னை ஸ்பிட்ஃபயரில் அழைத்துப் போனாள். கூரையை இறக்கிவிட்டு, தலையில் ஒரு ஸ்கார்ஃப். ஒரு ரவுண்டானாவில் நுழையும்போது, வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, உள்ளே போனதும் காலை அசைக்காமல் வைத்துக்கொண்டாள். அவள் வண்டியில் அந்தக் கோளாறை ஏற்கெனவே திருத்திவிட்டார்கள். மார்க் ஃபோரில் பின் ஸ்பிரிங்கின் அமைப்பையே மாற்றியிருந்தார்கள். ஆனாலும் மேஸ்திரி சொன்னது காலில் இருந்தது.

ஸ்பிட்ஃபயரின் கதையும் ஹெரால்டின் வயிற்றிலிருந்து வந்ததுதான். ஹெரால்டின் சேஸிஸை வெட்டிக் குறுக்கி, அதே இன்ஜினுக்குக் கொஞ்சம் வலுவேற்றி, மிக்கெலோட்டி ஓர் இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரை வரைந்து கொடுத்திருந்தார். கம்பெனியிடம் காசில்லை. மாதிரி வண்டி தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. 1961இல் லேலண்ட் நிறுவனம் வாங்கியபோது, சுற்றிப் பார்க்க வந்தவர்கள் துணியை விலக்கிப் பார்த்து, செய்யுங்கள் என்றார்கள். 1962இல் வெளிவந்து 1980 வரை ஓடியது. 1965இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1147 சி.சி. ஸ்பிட்ஃபயர் தன் பிரிவில் முதலாவதாக வந்தது. பின்னாளில் இந்த இன்ஜினின் 1493 சி.சி. வடிவம் எதிரி முகாமான எம்.ஜி. மிட்ஜெட்டுக்குள்ளும் போய் உட்கார்ந்தது. புல்வெளியில் எம்.ஜி.யும் ட்ரையம்ஃபும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதற்கு அப்படியும் ஓர் உறவு உண்டு. லெ மானில் 24 மணிநேரம் அலறிய இன்ஜினுக்கு உடன்பிறப்பைத்தான் எங்கள் ஷெட்டில் பெரியப்பா டயர்மேல் உட்கார்ந்து தட்டிக் கொட்டிக்கொண்டிருந்தார். சோழவரம் விமான ஓடுதளத்தில் நடக்கும் ரேஸ்களைப் பற்றி மட்டும் யாராவது சொல்லக் கேட்டு ஆசைப்படுவார். ஒருமுறைகூடப் போனதில்லை. பொங்கலுக்கு அப்புறம் போகலாம் என்பார்.

மைதானத்தின் ஒரு கோடியில் பழைய சாமான் சந்தை. கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிதல்ல. தரையில் தார்ப்பாய் விரித்து, துருப்பிடித்த கார்புரேட்டர், விளக்கு வளையம், பல்சக்கரம். ஒரு மேசையில் புதிதாகச் செய்த பாகங்கள், நெகிழிப் பையில். இரண்டு மூன்று பைகளைத் திருப்பிப் பார்த்தேன்; இந்தியாவில் தயாரானது என்று அச்சிட்டிருந்தது. நம் ஊர் ஏதோ ஒரு வார்ப்படப் பட்டறையில் மணல் அச்சில் ஊற்றியது, கடல் தாண்டி, காவென்ட்ரிக் காருக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் என்ன வண்டி என்று கேட்டார். ஹெரால்டு என்றேன். அவர் ஒரு வெண்கலத் துண்டை எடுத்துக் காட்டி, விரலை ஆட்டி, "ஆயில். கிரீஸ் கூடவே கூடாது" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்தத் துண்டின் பெயர் ட்ரன்னியன். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அது இந்த வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்கு கியர் பாக்ஸுக்குப் போடும் கெட்டி ஆயிலைத்தான் ஏற்ற வேண்டும். அவசரத்தில் ஆட்கள் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் இறுகி மரைக்குள் இறங்காது, நீர் புகும், உள்ளுக்குள்ளேயே துரு தின்னும், ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடும். சமவெளியில் என்றால் வண்டி ஓரமாக நிற்கும். குன்னூர் சாலையில் என்றால் கீழே பள்ளத்தாக்கு. பெரியப்பா ஹெரால்டுக்கென்று தனியாக ஓர் ஆயில் கன் வைத்திருந்தார். அதில் வேறு யாரும் கிரீஸ் நிரப்பிவிடக் கூடாது என்று சிவப்பு பெயின்ட் அடித்து, கூரைச் சட்டத்தில் உயரத்தில் மாட்டியிருந்தார். "டேய், இது ஆயில். கிரீஸைக் கொண்டு போய்டாத" என்று ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு பையனிடமும் முதல் நாளே சொல்வார். அவர் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. அந்தப் பெரியவர் குன்னூரைக் கேள்விப்பட்டதில்லை. ஒரே எச்சரிக்கை, ஏறக்குறைய ஒரே கண்டிப்பு.

நான் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். மேசைக்காரப் பெரியவர் கேட்டுவிட்டு அந்தச் சிவப்பு பெயின்ட் யோசனை நல்லது என்றார்.

பெரியப்பாவின் தொழில் தொடங்கியது ஹெரால்டில் அல்ல, வான்கார்டில். ஒரு தோட்டத்து வான்கார்டுக்குக் கிளீனராகப் போனவர். அந்த இன்ஜினைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். அதில் சிலிண்டர்களை பிளாக்கிலேயே குடைந்திருக்க மாட்டார்கள். தனித்தனிக் குழாய்களாக, சுற்றிலும் தண்ணீர் ஓட, வெட் லைனர் என்று நிற்கும். மற்ற இன்ஜின் தேய்ந்தால் பிளாக்கைக் கழற்றிப் போரிங் போடக் கோயம்புத்தூருக்கு லாரியில் அனுப்ப வேண்டும். வான்கார்டுக்கு லைனரை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். மலைமேல், மண் தரையில், சுத்தமான கையும் நிதானமும் இருந்தால் முடியும். இந்த இன்ஜினையே ஸ்டாண்டர்டு கம்பெனி ஃபெர்குசன் டிராக்டருக்கும் கொடுத்தது. உழவுக்குப் போன இன்ஜின் ஸ்போர்ட்ஸ் காருக்கும் போனது. அதைச் சிறிது குறைத்து 1991 சி.சி. ஆக்கி 1953இல் டி.ஆர். 2 என்று விட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் பெல்ஜியத்தின் யாபெக்கெ நெடுஞ்சாலையில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது.

மால்வெர்ன் மைதானத்தில் டி.ஆர். வரிசைக்கு முன்னால் நின்று நான் தேடியது லைனரைத்தான். வெளியிலிருந்து தெரியாது என்று எனக்கும் தெரியும். ஒருவர் தன் டி.ஆர். 3இன் இன்ஜினை முடுக்கிக் காட்டினார். அந்தக் கரகரப்பான, அவசரமில்லாத சத்தத்தைக் கேட்டதும், இது உழவுக்காரன் குரல் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அன்று மாலை அக்கா என்னை மால்வெர்ன் லிங்க்கில் மார்கன் தொழிற்சாலை இருக்கும் பிக்கர்ஸ்லி சாலைக்கும் கூட்டிப் போனாள். 1909இல் தொடங்கிய கம்பெனி. கார் உடலுக்குள் ஆஷ் மரச்சட்டம் வைத்துக் கட்டுகிறவர்கள். திருச்செங்கோட்டில் லாரிக்குக் கூண்டு கட்டும் ஆசாரிகள் அங்கே போனால் அரைமணியில் பேச்சுத்துணை பிடித்துவிடுவார்கள். 1950இல் வந்த மார்கன் ப்ளஸ் ஃபோருக்கும் இந்த வான்கார்ட் இன்ஜின்தான். செய்த ஊரில் டிராக்டர், ஸ்போர்ட்ஸ் கார், மரச்சட்டம் கட்டிய மார்கன் என்று மூன்று வீட்டுக்கும் வாழ்க்கைப்பட்ட இன்ஜின், நம் ஊரில் 1985இல் மறுபடி தலைகாட்டியது. ரோவர் எஸ்.டி. 1இன் உடலுக்குள் அந்தப் பழைய 1991 சி.சி. இன்ஜினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று பெருங்களத்தூரில் செய்தார்கள். பார்க்கக் கம்பீரமான கார். கனத்துக்கும் இன்ஜினுக்கும் பொருந்தவில்லை, விலையும் அதிகம். மாருதி வந்துவிட்ட காலம் வேறு. 1988இல் எல்லாம் நின்றது. பெரியப்பாவிடம் ஒரே ஒரு ஸ்டாண்டர்டு 2000 வந்தது. பானெட்டைத் தூக்கிப் பார்த்து, பழைய முதலாளியைப் பார்த்தவர்போல நிமிர்ந்து நின்றார்.

காவென்ட்ரிக்கும் போனோம். கேன்லியில் ஹெரால்டு பிறந்த தொழிற்சாலை 1980இல் கார் செய்வதை நிறுத்திவிட்டது. இப்போது அங்கே அலுவலகங்கள், கடைகள், வண்டி நிறுத்துமிடங்கள். ஆனால் ஒரு சாலைக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்தில் அக்கா ஸ்பிட்ஃபயரை நிறுத்தினாள். நான் படம் எடுத்தேன். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையில் போகும்போதெல்லாம் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பவன். அங்கும் இப்போது அலுவலகக் கட்டடங்கள். ஹெரால்டின் பெயரில் ஒரு தெருவோ ஒரு நிறுத்தமோ என் கண்ணில் பட்டதில்லை. நம் மாநிலம் உலகத்துக்கே கார் செய்து அனுப்புகிறது என்று இன்று பெருமையாகச் சொல்கிறோம். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வெகுகாலம் முன்னால், செலாவணிக்கும் எஃகுக்கும் கையேந்தி நின்ற நாட்களில், தகடு தட்டிக் கதவு பூட்டிக் கற்றுக்கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் பெயரில் ஒரு கல்லாவது நட வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

கதவு என்றதும், மால்வெர்னில் ஒரு தேவாலயத்துக் கல்லறைக்குப் பக்கத்தில் அக்கா சொன்ன கதை நினைவுக்கு வருகிறது. கூட்டத்துக்கு முந்தைய நாள் காலை அக்கா என்னை கிரேட் மால்வெர்ன் ப்ரையரியின் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஊட்டியும் மால்வெர்னும் ஒரு விதத்தில் ஒரே வழியில் வந்த ஊர்கள். 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறிய பிறகு, சமவெளிக் காய்ச்சலில் வாடிய வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற்றிக்கொள்ள ஊட்டிக்கு வந்தார்கள். 1842இல் வில்சன், கல்லி என்ற இரண்டு மருத்துவர்கள் மால்வெர்ன் ஊற்றுநீரால் நோய் தீர்ப்பதாகச் சொல்ல, ஊரே சிகிச்சைக்காரர்களால் நிரம்பியது. டார்வின் தன் மகள் ஆனியை அங்கேதான் கொண்டுவந்தார். 1851 ஏப்ரலில் அவள் இறந்துபோனாள். பத்து வயது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் அவள் கல்லறை இருக்கிறது.

அக்கா கல்லறையைச் சுற்றியிருந்த சருகுகளைக் காலால் ஒதுக்கினாள். "அப்பா எத்தனை பிள்ளைங்களைத் தூக்கிட்டு ஓடியிருப்பாரு" என்றாள். பிறகு அந்த இரவைச் சொன்னாள். எனக்கு அது பெரியப்பா வழியாகப் பாதி தெரியும். மீதியை அவள் வாயால் கேட்டேன்.

அவளுக்கு அப்போது ஒன்பது, பத்து வயதிருக்கும். அம்மா ஊருக்குப் போயிருந்ததால் அப்பாவோடு தனியாக இருந்தாள். மழை. பர்லியார் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயனில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, குழந்தை திரும்பிக் கிடக்கிறது என்று ஆள் ஓடி வந்தது. மகளைத் தனியே விட மனமில்லாமல் அவளையும் ஏற்றிக்கொண்டு டாக்டரையா இறங்கினார். அப்போது அவரிடம் இருந்தது இரண்டு கதவு ஹெரால்டு. லயனிலிருந்து பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பின்சீட்டுக்கு ஏற்ற வழியில்லை. முன்சீட்டை மடக்கி, அந்த இடுக்கு வழியாக, வயிறும் வலியுமாக ஒரு பெண்ணை எப்படி நுழைப்பது? அவளுடைய மாமியார் முதலில் உள்ளே போய், அக்குளில் கை கொடுத்து இழுக்க, புருஷன் வெளியிலிருந்து தாங்க, மழையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றாள். "அந்த அம்மா கத்தவே இல்ல தம்பி. பல்லைக் கடிச்சுக்கிட்டு, என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. நான் டாக்டருக்குப் படிச்சதே அதனாலதான்."

குன்னூர் லாலி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தாயும் பிழைத்தாள், குழந்தையும் பிழைத்தது.

மறுநாள் டாக்டரையா ஷெட்டுக்கு வந்து, முன்பக்கம் இடது சீட்டைக் கழற்றிவிடச் சொன்னார். பெரியப்பா கழற்றி, நாலு போல்ட்டையும் பழைய டீ டப்பாவில் போட்டு வைத்தார். அதன்பிறகு வெகுகாலம் அந்த ஹெரால்டு ஒற்றைச் சீட்டோடுதான் மலையில் ஓடியது. நோயாளியை அந்தப் பக்கம் நீட்டிப் படுக்க வைக்கலாம். தோட்டத்துத் துரைமார் வீட்டு விருந்துக்கும் டாக்டரையா அதிலேயே போனார். 1968இல் பெருங்களத்தூரில் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. மார்க் த்ரீ. அவர் பதிவு செய்து, காத்திருந்து, வாங்கினார். அந்த வண்டி ஷெட்டுக்கு வந்த முதல் நாள், பெரியப்பா பின்கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, "இனி கஷ்டமில்லைங்க" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

நான்கு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெங்கும் செய்யப்படவில்லை. இங்கிலாந்தில் சலூன், கூபே, திறந்த கூரை, எஸ்டேட், வேன் என்று எத்தனையோ வடிவங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்துக்கு ஒரு கதவுதான். அங்கே அந்தக் கார் குறுகிக் குறுகி ஸ்பிட்ஃபயராகி லெ மானுக்குப் போனது. இங்கே இன்னும் இரண்டு கதவை வாங்கிக்கொண்டு, பாட்டியும் பிள்ளைகளும் நோயாளியும் ஏறுகிற வண்டியானது. ஸ்போர்ட்ஸ் கார் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று முந்தைய நாள் எனக்குத் தயக்கம் இருந்தது. அக்காவுக்கு இல்லை. அவள் என்னை வரச் சொன்னதே அதற்காகத்தான் போலிருக்கிறது. குன்னூரிலிருந்து நான் எடுத்துப் போயிருந்த படத்தை ஸ்பிட்ஃபயரின் பானெட்மேல் விரித்து வைத்துவிட்டாள். டாக்டரையா, ஷெட் வாசலில், மார்க் த்ரீயின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி.

முதலில் பார்த்தவர் யாரோ வெட்டி ஒட்டிய வண்டி என்று நினைத்தார். இல்லை, தொழிற்சாலையிலேயே செய்தது, மெட்ராஸில் என்று அக்கா சொன்னாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். சிறிது நேரத்தில் சாமான் சந்தைப் பெரியவரும் மேசையை விட்டு வந்துவிட்டார். நடுத்தூண் எப்படி நிற்கிறது, பின்கதவின் கீழ்மூலை சக்கர வளைவில் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது, சேஸிஸை நீட்டினார்களா என்று ஆளாளுக்குக் கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன். குன்னூர் வட்டாரத்தில் இன்னும் ஒரு மார்க் த்ரீ ஒரு கொட்டகையில் நிற்கிறது. போய் அளந்து அனுப்புகிறேன் என்றேன். பெரியவர் உடனே ஒரு தாளில் எங்கெங்கே அளக்க வேண்டும் என்று வரைந்து கொடுத்தார். ட்ரன்னியனையும் பார்க்கச் சொன்னார்.

அப்புறம்தான் அக்கா அவர்களிடம் அந்த மழை இரவைச் சொல்லத் தொடங்கினாள். லயன் என்றால் என்ன, பர்லியார் எங்கே இருக்கிறது, இரண்டு கதவு வண்டியில் அந்தப் பெண்ணை எப்படி ஏற்றினார்கள் என்று எல்லாம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். அவள் முடித்ததும் டி.ஆர். 3காரர் விரல்விட்டு எண்ணினார். டாக்டர், சிறுமி, அந்தப் பெண், மாமியார், புருஷன்.

"948 சி.சி.யில் ஐந்து பேரா? அந்த ஏற்றத்திலா?"

"பாதி வழி முதல் கியரில்" என்றாள் அக்கா.

ஹெரால்டின் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. ஏற்றத்தின் நடுவில் அதை விழவைக்க கிளட்சை இரண்டு முறை மிதித்து, இன்ஜின் வேகத்தைக் காதாலேயே அளக்க வேண்டும். அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். பெரியவர் தன் இடது காலால் புல்தரையில் இரண்டு முறை மிதித்துக் காட்டி, உங்கள் அப்பா நல்ல ஓட்டுநர் என்றார். பிறகு, அந்த ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கவில்லையா, எத்தனை இடத்தில் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போனது.